எண்ணெய் டின் வெளிச்சம்

நம் வயதுக்காரர்கள் யாராவது இப்போதெல்லாம் நாட்டிய நிகழ்ச்சிக்குப் போகிறீர்களா? நான் சமீபத்தில் தம்பி பேத்தியின் நிகழ்ச்சிக்குப் போனேன். மேடையில் பச்சை, ஊதா, ரோஸ் என்று வெளிச்சம் ஓடிக்கொண்டே இருந்தது. ஒரு பையன் மடியில் கம்ப்யூட்டரை வைத்துக்கொண்டு உட்கார்ந்த இடத்திலேயே எல்லாவற்றையும் மாற்றிக்கொண்டிருந்தான். பிள்ளையின் முகத்தைத் தேடித் தேடிக் கழுத்து வலித்ததுதான் மிச்சம். "லைட்டிங் எப்படிக்கா?" என்று தம்பி கேட்டான். "லைட்டு நல்லா ஆடுச்சு, பிள்ளை ஆடுனதத்தான் பாக்க முடியல" என்று சொல்லிவிட்டேன். அவன் அதற்குப் பிறகு சரியாகப் பேசவில்லை. பேசாவிட்டால் போகட்டும். மேடை வெளிச்சத்தைப் பற்றிப் பேச எனக்கு உரிமை இருக்கிறது. அந்த உரிமை எப்படி வந்தது என்பதை உங்களிடமாவது சொல்லிவைக்கிறேன்.

எட்டாம் வகுப்பு படித்தபோது நடந்தது இது. எங்கள் வீடு தென்காசியில். அந்த வருடம் சாரல் ஏமாற்றாமல் வந்தது. குற்றாலத்தில் ஒரு அரங்கு இருந்தது. இப்போது அந்த இடத்தில் லாட்ஜ் நிற்கிறது. சீசனுக்கு வருகிறவர்களுக்காக ஒரு கமிட்டி அந்த அரங்கில் கச்சேரி, நாடகம் எல்லாம் நடத்தும். அந்த வருடம் எங்கள் நாட்டிய டீச்சருக்கும் ஒருநாள் மாலை மேடையைக் கொடுத்தார்கள். பிள்ளைகள் கூட்டமாக ஆடி முடித்ததும் கடைசியில் ஒரு பிள்ளை மட்டும் தனியாக ஆட வேண்டும். மழை வராத ஊரில் ஒரு பெண் வானத்தைப் பார்த்துக் காத்திருக்கிற ஆட்டம் அது. காலுக்கு அதில் பெரிய வேலை இல்லை. எல்லாம் கண்ணும் முகமும்தான்.

டீச்சர் அதை எனக்குக் கொடுத்திருந்தார். நான் அதற்காக உயிரை விட்டேன். குளிக்கும்போது, சாப்பிடும்போது, பஸ்ஸில் போகும்போதெல்லாம் மேகத்தைத் தேடிக்கொண்டிருந்தேன். தட்டைப் பார்த்துச் சாப்பிடு என்று அப்பா திட்டுவார்.

என் நிறத்தைப் பற்றி இந்த இடத்தில் சொல்லியாக வேண்டும். நான் நல்ல கருப்பு. இப்போது அதைச் சொல்வதில் எனக்குக் கூச்சம் ஒன்றும் இல்லை. அப்போது வீட்டில் அந்தச் சொல்லையே யாரும் சொல்ல மாட்டார்கள். "கொஞ்சம் நெறம் கம்மி" என்பார்கள். அம்மா கடலை மாவு, பயத்தம் மாவு, பாலாடை என்று எதையாவது பூசிக்கொண்டே இருப்பாள். வெளியே கிளம்பும்போது பவுடர். ரோஜா வாசனை அடிக்கிற தகர டப்பா ஒன்று எப்போதும் அவள் பையில் இருக்கும். ஆட்டம் என்றால் கேட்கவே வேண்டாம், பக்கத்திரைக்குப் பின்னால் பஃப்பும் கையுமாக நிற்பாள். நான் வேர்த்து உள்ளே வந்தால் ஓடிவந்து ஒத்துவாள். என் ஆட்டம் ஒன்றைக்கூட அவள் முன்னால் உட்கார்ந்து பார்த்தது கிடையாது.

முதல் ஒத்திகையிலேயே வம்பு வந்தது. அரங்கில் வெளிச்சம் எல்லாம் முன்னாலிருந்துதான். மேடை விளிம்பில் ட்யூப் லைட் வரிசை, மேலே எதிரே இரண்டு பெரிய ஃபோகஸ். கமிட்டி மாமா ஒருவர் கடைசி வரிசையில் உட்கார்ந்து பார்த்தார். ஆடி முடித்ததும் டீச்சரைக் கூப்பிட்டு, எனக்கும் கேட்கிற மாதிரி சொன்னார்.

"பிள்ள நல்லாத்தான் ஆடுதா. ஆனா மொகமே தெரியல டீச்சர். சேலையும் நகையும் தனியா ஆடுத மாதிரி இருக்கு. பெரிய ஆளுகள்லாம் வாராங்க. அந்தச் செங்கோட்டப் பிள்ளைய ஆட விடுங்களேன். செவப்பா, லெச்சணமா இருக்கா."

செங்கோட்டைப் பிள்ளை என்பது என் வகுப்புத் தோழி. அவளும் நன்றாக ஆடுவாள். எனக்குப் பக்கத்தில்தான் நின்றாள். தரையைப் பார்த்தாள்.

டீச்சர் கெட்டவர் இல்லை. ஆனால் கமிட்டியைப் பகைத்துக்கொண்டால் அடுத்த வருடம் மேடை கிடைக்காது. "கடைசி ஒத்திகையில நானே பின்னால உக்காந்து பாக்கேன்" என்றார். "ஒம் மொகம் எனக்குத் தெரிஞ்சா நீ ஆடு. தெரியலன்னா அவ ஆடட்டும். வருத்தப்படக் கூடாது, என்ன?" நான் வருத்தப்படவில்லை. எனக்குக் கோபம்தான் வந்தது. பஸ்ஸில் வரும்போது அம்மா, "இன்னும் கொஞ்சம் தூக்கலாப் போட்டுருவோம்ட்டி" என்றாள். எனக்கு அவள் மேலும் கோபம் வந்தது.

எங்கள் வீட்டில் அப்பாவின் தங்கை இருந்தாள். டெலிபோன் ஆபீஸில் வேலை. அத்தைக்குப் பயம் என்பதே கிடையாது. ஒன்றைப் பிடித்தால் ஒற்றைக்காலில் நிற்பாள். நான் நடந்ததைச் சொன்னதும் தட்டைத் தள்ளி வைத்துவிட்டு எழுந்துவிட்டாள்.

"மெட்ராசுல ஒரு டான்ஸ் பாத்தேன். லைட்டு முன்னால இருந்து வரல, சைடுல இருந்து வந்துச்சு. ஆடுனவ ஒன்னைய விடக் கருப்பு. அவ மூக்குத்தி கூட எனக்கு இன்னைக்கும் ஞாபகம் இருக்கு. நாளைக்கு வா, ஒன் மொகத்த நாம தெரிய வைப்போம்."

எப்படி வைப்பது என்று அவளுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. அதெல்லாம் அத்தையை நிறுத்துகிற விஷயங்கள் இல்லை.

மறுநாள் லைட் செட் அண்ணாச்சியைப் பிடித்தோம். சுற்று வட்டாரத்தில் கோயில் கொடை, கல்யாணம், கூட்டம் எதுவானாலும் அவர்தான் விளக்குப் போடுவார். அத்தை சொன்னதைக் கேட்டுச் சிரித்துவிட்டார்.

"சைடுல வச்சா காதுதான் தாயி தெரியும். மொகம் தெரியணும்னா முன்னாலதான் வைக்கணும்."

"கோயிலுக்குப் போவியளா அண்ணாச்சி?"

"என்ன தாயி இப்படிக் கேட்டுட்டிய. தெனமும் போவுதேன்."

"கருவறைக்குள்ள வெளக்கு எங்கன எரியுது?"

அவர் யோசித்தார். "ரெண்டு பக்கமும் சரவெளக்கு தொங்குது."

"சாமி என்ன நெறம்?"

"கருங்கல்லு."

"மூக்கும் முழியும் தெரியுதா இல்லையா?"

"தெரியுது" என்றவர், கொஞ்சம் நிறுத்தி, "அது சாமி தாயி. இது பிள்ளைல்லா" என்றார். ஆனாலும் தலையைச் சொறிந்துகொண்டே உள்ளே போய் வயரும் பல்புகளும் எடுத்துக் கொடுத்தார். ஃபோகஸ் விளக்குகளைக் கமிட்டியைக் கேட்காமல் கழற்ற முடியாது என்று கையை விரித்துவிட்டார்.

வெறும் பல்பைப் பக்கத்திரைக்குப் பின்னால் கட்டிப் பார்த்தோம். வெளிச்சம் கூரைக்குப் போனது, திரைக்குப் போனது, முன்வரிசையில் இருப்பவர்கள் கண்ணைக் குத்தியது. என் மேல் மட்டும் வரவில்லை. அதற்கு ஒரு மூடி வேண்டும். மூன்று பக்கம் அடைத்து ஒரு பக்கம் மட்டும் திறந்த எதையாவது வைக்க வேண்டும். கிழங்கு அவிக்கிற பானையைக் கூட அத்தை கவிழ்த்துப் பார்த்தாள்.

அது எனக்குத்தான் தோன்றியது. அருவிக்குப் போகிற வழியில் எண்ணெய் தேய்த்து விடுகிறவர்கள் வரிசையாக உட்கார்ந்திருப்பார்களே, அவர்களில் ஒருவர் காலி டின்னை வாய் பிளந்து சாய்த்துக் காயப்போட்டிருந்தார். சாரலுக்கு நடுவே கொஞ்சம் வெயில் வந்ததும் டின்னின் உள்பக்கம் பளீரென்று என் கண்ணில் அடித்தது. நான் நின்றுவிட்டேன். "அத்தை, டின்னு" என்றேன். அத்தைக்கு அதற்கு மேல் விளக்கம் தேவைப்படவில்லை. அங்கேயே அவரிடம் பேச்சுக் கொடுத்தாள். அவரும் பக்கத்தில் இருந்தவர்களும் காலி டின்களைத் தூக்கிக் கொடுத்துவிட்டார்கள். எதற்கு என்று கேட்டவரிடம், "எம் பிள்ளைக்கு மொகம் பாக்க" என்றாள். அவர் குழம்பிப்போய்ப் பார்த்துக்கொண்டிருந்தார்.

டின்னின் ஒரு பக்கத்தை வெட்டித் திறந்து, உள்ளே பல்பை மாட்டினோம். மேடையின் இரண்டு பக்கமும் மணல் நிரப்பிய வாளிகளில் பந்தல் கம்புகளை நட்டு, டின்களைக் கம்பியால் கட்டினோம். முதலில் என் தலை உயரத்துக்கு மட்டும் கட்டினோம். முகம் வந்தது, கால் இருட்டில் போய்விட்டது. இடுப்பு உயரத்தில் ஒன்று, கணுக்கால் உயரத்தில் ஒன்று என்று சேர்த்தோம். கீழ் டின் போட்டதும் சலங்கை ஒவ்வொரு மணியாகத் தெரிந்தது. நான் அப்படியே காலைத் தட்டித் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தேன். அப்படி ஒரு சந்தோஷம்.

சந்தோஷம் கொஞ்ச நேரம்தான். டின்களைக் கழுவ வேண்டும் என்று எங்களுக்குத் தோன்றவில்லை. பல்பு சூடானதும் ஓரத்தில் ஒட்டியிருந்த எண்ணெய் புகைய ஆரம்பித்தது. அரங்கு முழுக்கக் காய்ந்த எண்ணெய் வாசனை. கூட்டிக்கொண்டிருந்தவர் விளக்குமாற்றைப் போட்டுவிட்டு, "தீயி" என்று கத்திக்கொண்டு வெளியே ஓடினார். கமிட்டி மாமா குடையோடு ஓடிவந்தார்.

"டான்ஸ் ஆடுதியளா, வட சுடுதியளா? ஒழுங்கா எல்லாத்தையும் கழத்துங்க."

"கழத்துதோம் அண்ணாச்சி" என்று அத்தை நல்ல பிள்ளையாகச் சொன்னாள். கழற்றினோம். வீட்டுக்குக் கொண்டுபோய்ச் சீயக்காயும் சாம்பலும் போட்டுத் தேய்த்தோம். மழைக்காலமாதலால் ஈரம் காயவில்லை, அடுப்புச் சூட்டில் வைத்துக் காயவைத்தோம். மறுநாள் திரும்பக் கொண்டுவந்து கட்டினோம். நகக்கண்ணில் போன எண்ணெய் மட்டும் பள்ளிக்கூடத்தில் வாரம் முழுக்க மணத்தது.

அடுத்த தடங்கல் டீச்சர் ரூபத்தில் வந்தது. நாட்டியத்தில் பாட்டுக்காரர்கள், மேளக்காரர், நட்டுவாங்கம் எல்லோரும் மேடையில் பார்க்கிறவர்களுக்கு இடது கைப் பக்கம் உட்காருவார்கள், உங்களுக்குத் தெரியும். அந்தப் பக்கத்து டின் வெளிச்சம் அவர்களைத் தாண்டித்தான் எனக்கு வர வேண்டும். பாடுகிற அக்காவுக்குப் பெரிய கொண்டை. அவர் ரசித்துத் தலையை ஆட்டும்போதெல்லாம் என் முகத்தில் அந்தக் கொண்டையின் நிழல் ஆடியது. நான் மழைக்காக ஏங்குகிறேன், மூக்கின் மேல் ஒரு கொண்டை போய்ப் போய் வருகிறது.

"கொஞ்சம் முன்னால தள்ளி, மேடை ஓரத்துல உக்காருங்களேன் டீச்சர். லைட்டு ஒங்க முதுகுக்குப் பின்னால போயிரும்" என்றாள் அத்தை.

"நான் எங்கன உக்காரணும்னு எனக்கு நீங்க சொல்லுதியளா? எங்க குருநாதர் உக்காந்த முறை இது. லைட்டுக்காகவெல்லாம் மாத்த முடியாது."

அத்தை வாயைத் திறக்கப் போனாள். அதற்குள் செங்கோட்டைப் பிள்ளை மேடைக்கு வந்து என் இடத்தில் நின்றாள். "டீச்சர், நீங்க கீழ போய்ப் பாருங்க. நான் நிக்கேன்" என்றாள். டீச்சர் அரைமனதாக இறங்கிப் போனார். நானும் போனேன். பாட்டு ஆரம்பித்தது. அவளுடைய சிவந்த முகத்திலும் அதே கொண்டை அதே மாதிரி ஆடியது. டீச்சர் முதலில் முகத்தை உர்ரென்று வைத்திருந்தார். அப்புறம் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கிச் சிரித்தார். "சரி சரி, தள்ளி உக்காருதோம்" என்றார்.

அவள் இறங்கி வந்ததும் நான் கேட்டேன், "ஏன்ட்டி எனக்காக நிக்கே? எனக்கு இல்லன்னா ஒனக்குத்தான அந்த ஆட்டம்."

"எனக்கும் ஆசதான்" என்றாள் அவள். "ஆனா இப்படிக் கிடைக்க வேண்டாம் கேட்டோ. நாளைக்கு இவளுக்குத் தோலுக்காகக் குடுத்தாங்கன்னு சொன்னா, நான் ஆடுனது எங்க போச்சு?" அந்த வயதில் இப்படி ஒரு பேச்சு அவளுக்கு எங்கிருந்து வந்தது என்று நான் இன்றைக்கும் நினைத்துப் பார்ப்பதுண்டு. அவள் எனக்கு வேண்டியவளாகவும் எதிரியாகவும் ஒரே நேரத்தில் இருந்தாள்.

கடைசி ஒத்திகை ஒரு சாயங்காலம். உடை, நகை, முக அலங்காரம் எல்லாம் முழுசாகப் போட்டுப் பார்ப்பது. வெளியே சாரல் தூறிக்கொண்டிருந்தது. உள்ளே எல்லோர் துணியிலும் ஈர வாடை. டீச்சர் தன் தாளக்கட்டையை வேறொரு பிள்ளையிடம் கொடுத்துவிட்டுக் கடைசி வரிசைக்குப் போனார். கமிட்டி மாமாவும் பக்கத்தில் போய் உட்கார்ந்தார். அன்று முடிவாகிற நாள் என்பதால் அம்மா பவுடரை அள்ளிப் போட்டிருந்தாள். கழுத்து, கை, காது மடல் எதையும் விடவில்லை. கண்ணாடியில் பார்த்தபோது எனக்கே அடையாளம் தெரியவில்லை.

அத்தை முன்பக்க விளக்குகளை அணைக்கச் சொன்னாள். டின் விளக்குகளைப் போட்டாள்.

செங்கோட்டைப் பிள்ளையின் முகம்தான் எனக்குச் சேதியைச் சொன்னது. பக்கத்திலிருந்து வந்த வெளிச்சம் பவுடரின் ஒவ்வொரு திட்டையும் எடுத்துக் காட்டியிருக்கிறது. வேர்வை ஓடிய இடம் ஒரு கோடு, பவுடர் நின்ற இடம் ஒரு விளிம்பு. முகம் வெள்ளை அடித்த சுவர், அதற்குக் கீழே தோள் என் சொந்த நிறம்.

"பேயாட்டம்லா இருக்கு" என்றார் கமிட்டி மாமா. "போதும் ஒங்க வெளையாட்டு. அந்த டின்ன எல்லாம் கழத்துங்க."

"டின்ன எதுக்குக் கழத்தணும்?" என்று அத்தை திரும்பினாள். "மைனி, மொகத்தத் தொடச்சு விடுங்க."

அம்மா பக்கத்திரைக்குள் டப்பாவை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றாள். "முடியாது" என்றாள். அம்மா யாரிடமும் அப்படி எடுத்தெறிந்து பேசி நான் கேட்டதில்லை. "இத்தன பேரு முன்னால எம் பிள்ளையக் கரிக்கட்டையா நிறுத்தணுமா? ஒங்களுக்கு என்ன, நீங்க செவப்பு. எத்தன வீட்டுல வந்து காப்பிய மட்டும் குடிச்சிட்டுப் போனாங்கன்னு எனக்குத்தான் தெரியும்."

அன்று எனக்கு அந்தப் பேச்சு விளங்கவில்லை. அம்மாவும் என் நிறம்தான், அதை நான் அதுவரை கவனித்துப் பார்த்ததே இல்லை. அவளும் முகம் முழுக்கப் பவுடரோடு பெண் பார்க்க வந்தவர்கள் முன்னால் நின்றிருக்கிறாள், ஒவ்வொரு தடவையும் உள்ளே போய் முகத்தைக் கழுவியிருக்கிறாள். எனக்குப் போட்டுவிட்டதெல்லாம் அந்தப் பயம்தான். எனக்குக் கல்யாண வயது வந்தபோதுதான் இது புரிந்தது. அன்றைக்கு எனக்குத் தெரிந்ததெல்லாம் அந்த ஆட்டம் ஒன்றுதான்.

நான் அம்மாவிடம் போனேன். எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். சத்தமாகத்தான் சொன்னேன்.

"நீ தொடச்சு விட்டா ஆடுதேன். நீ மாட்டேன்னா அவளே ஆடட்டும். பவுடரோட நான் ஆட மாட்டேன்."

"எல்லாரும் சிரிப்பாங்கட்டி."

"சிரிக்கட்டும். நான் ஆடுததப் பாத்துட்டுச் சிரிக்கட்டும்."

அம்மா என்னைப் பார்த்தாள். பிறகு டப்பாவை நாற்காலியில் வைத்தாள். கூஜாத் தண்ணீரில் துண்டை நனைத்துப் பிழிந்தாள். நெற்றியில் ஆரம்பித்து, கன்னம், தாடை, கழுத்து என்று துடைத்தாள். தண்ணீர் சில்லென்று இருந்தது. துண்டு வெள்ளையாகிக்கொண்டே வந்தது. கலைந்த மையை மட்டும் விரல் நுனியால் திரும்ப எழுதிவிட்டாள். அத்தை அவள் கையைப் பிடித்து, மேடையை விட்டு இறக்கிக் கடைசி வரிசைக்குக் கூட்டிக்கொண்டு போனாள்.

பாட்டு ஆரம்பித்தது. எனக்கு முன்னால் ஒரே இருட்டு. அரங்கில் யார் இருக்கிறார்கள் என்று ஒன்றும் தெரியவில்லை. இரண்டு கன்னத்திலும் டின் விளக்கின் சூடு மட்டும் இருந்தது. நான் வானத்தைப் பார்த்தேன். மேகம் வருகிறது என்று நினைத்தேன், போய்விட்டது. மறுபடி பார்த்தேன். கையை விரித்தபோது விரல் ஒவ்வொன்றும் தனித்தனியாக ஒளியில் நின்றது எனக்கே தெரிந்தது. முதல் துளி விழுகிற இடத்தில் இமையை மட்டும் ஒரு தடவை மூடித் திறக்க வேண்டும், வேறு அசைவு கிடையாது. மூடித் திறந்தேன். இருட்டுக்குள் யாரோ மூச்சை இழுத்த சத்தம் கேட்டது.

முடிந்ததும் பின்னாலிருந்து டீச்சர் குரல் வந்தது.

"தெரியுதும்மா. நீ கண்ண மூடுனது கூட இங்கன தெரியுது. நீயே ஆடு."

"என்னமும் செய்ங்க" என்றார் கமிட்டி மாமா. குடையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார்.

அரங்கு விளக்கைப் போட்டார்கள். அம்மா நடுவழியில் நடந்து வந்துகொண்டிருந்தாள். ஈரத் துண்டு இன்னும் கையிலேயே இருந்தது. மேடைக்குக் கீழே வந்து நின்று என்னை அண்ணாந்து பார்த்தாள். அழுதுகொண்டிருந்தாள், துடைத்துக்கொள்ளவில்லை.

"இத்தன வருசமா ஒன் மொகத்தப் பாக்காமலே ஒன்ன வளத்திருக்கேன்ட்டி" என்றாள்.

நான் மேடை விளிம்பில் அவளுக்குப் பக்கத்தில் குனிந்து உட்கார்ந்தேன். ஆனாலும் விட்டுக்கொடுக்க மனம் வரவில்லை.

"இப்பமாவது பாத்தேல்லா" என்றேன்.